அடமானம் எரித்த ஞாயிறு

ஆர்னெட்டா மிம்ஸ் இஸ்திரிப் பெட்டியைக் கணவரின் வெள்ளைக் கோட்டின் முதுகில் வைத்தவள், எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"துணி தீஞ்சிடும்," என்றார் ஹோசியா. மறுநாள் போடப்போகும் வெள்ளை ஷூவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தீயட்டும். எதையாவது எரிக்கணும்னுதானே நாளைக்கு எல்லாரும் கூடுறீங்க."

"ஆரம்பிச்சிட்டியா."

"நான் என்னத்தை ஆரம்பிச்சேன்? கோர்ட்டு ஆபீஸ்ல அந்தப் பொண்ணு சொன்னதைச் சொன்னேன். நம்ம சபைக் கட்டடம் இன்னைக்கும் பேங்க்குக்கு அடமானம். பதிவுல அப்படித்தான் இருக்கு. அந்தப் பத்திரத்தைப் போய்க் கொளுத்திக் கை தட்டப் போறீங்க."

"கடன் தீர்ந்து எட்டு மாசம் ஆச்சு. கடைசி செக்கை நானே கொண்டுபோய்க் குடுத்தேன்."

"நீ குடுத்தே. இல்லைன்னு யாரு சொன்னா? வாங்கினவன் தீர்ந்துபோச்சுன்னு பதிஞ்சானான்னுதான் கேக்கறேன்."

ஹோசியா ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் பதில் இல்லாதபோதெல்லாம் அவர் ஏதாவது ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது வழக்கம். "பேங்க்குலேர்ந்து மிஸ்டர் வீலரே நாளைக்கு நேர்ல வர்றாரு," என்றார் கடைசியில். "கேக் கொண்டு வர்றாராம். அவரை மதிச்சுக் கூப்பிட்டுட்டு வாசல்ல வச்சுக் கணக்குக் கேட்டா நல்லாவா இருக்கும்? நன்றி இல்லாத ஜனம்னு நினைப்பாரு."

ஆர்னெட்டா பெட்டியை எடுத்தாள். கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜார்ஜியா மாநிலத்தில், கோழி வெட்டும் ஆலையைச் சுற்றி வளர்ந்த அந்தச் சின்ன ஊரில் எல்பெத்தேல் பாப்டிஸ்ட் சபையைத் தெரியாதவர் கிடையாது. சபையின் பாட்டுக்குப் பெயர் இருந்தது. அதைவிட அதன் மீனுக்குப் பெயர் அதிகம். சனிக்கிழமைதோறும் சபைப் பெண்கள் சோளமாவில் புரட்டிப் பொரித்த மீனும், முட்டைக்கோசு சாலடும், வெள்ளை ரொட்டியும் பொட்டலம் கட்டி விற்றார்கள். ஆலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். அந்த மீன்தான் இருபத்தொரு வருஷமாகக் கட்டடக் கடனை அடைத்தது.

ஆனால் அடைத்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள் அறங்காவலர்கள். ஹோசியாவையும் சேர்த்து அவர்கள் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். சபையை நிறுவியவர்கள் விதியில் 'விசுவாசமுள்ள ஆடவர்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பெண்கள் கொண்டுவந்து கொடுக்கும் பணத்தை வங்கிக்கு எடுத்துப் போவது அந்த ஐவரின் பொறுப்பு. பொறுப்பு பெரிது என்பதால் முன் வரிசையில் அவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தது. பெண்களுக்கு 'உதவிக் குழு' என்று பெயர்.

வங்கிக்கு ஞாபகசக்தி அபாரம். ஒரு ஜனவரியில் சாலையெல்லாம் பனி உறைந்து, ஹோசியாவின் வண்டி பள்ளத்தில் இறங்கி, தவணை ஒரு நாள் தாமதமானது. அபராதக் கடிதம் அதே பனியில், அதே சாலையில், ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட வங்கி, கடைசித் தவணையை வாங்கிப் போட்ட பிறகு எல்பெத்தேல் சபை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது.

சட்டம் மறக்கவில்லை. கடன் தீர்ந்த அறுபது நாளுக்குள், அடமானம் ரத்து என்று வங்கி எழுதி, பத்திரங்கள் பதிவாகும் கோர்ட்டு ஆபீஸுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால், கடன் வாங்கியவர் எழுதிக் கேட்கும் பட்சத்தில், வங்கி அவருக்குத் தண்டம் கட்ட வேண்டும். சட்டம் செய்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். 'எழுதிக் கேட்கும் பட்சத்தில்' என்று இரண்டு மூன்று வார்த்தை மட்டும் சேர்த்துவிட்டார்கள். எதையும் கேட்காமல் இருப்பதே மரியாதை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அந்த ஊரில் ஏராளம். வங்கிகளுக்கு அது தெரியும்.

ஆர்னெட்டாவுக்கு இதெல்லாம் கோர்ட்டு ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த பெண் சொல்லித்தான் தெரியும். சபையின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்க வேண்டும் என்பது உதவிக் குழுவின் ஆசை. ஆலையில் விடிகாலை ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். பக்கத்துத் தெரு டமேகா தன் இரண்டு பிள்ளைகளையும் தூக்கக் கலக்கத்தோடு தூக்கிவந்து ஆர்னெட்டாவின் சோபாவில் கிடத்திவிட்டு ஓடுவாள். காப்பகத்துக்கு மாநில அரசு மானியம் தரும். ஆனால் கட்டடம் எந்த அடமானத்திலும் இருக்கக் கூடாது. மனுக் கொடுக்க அந்த மாதக் கடைசி வரைதான் கெடு. அதற்காகச் சான்று வாங்கப் போன இடத்தில்தான் அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, பேங்க்கோட அடமானம் இன்னும் அப்படியே நிக்குதே," என்றாள்.

ஆர்னெட்டா வங்கிக்குப் போன் செய்தாள். 'பிராசஸ்ல இருக்கு, ஏழு முதல் பத்து வேலை நாளாகும்' என்றார்கள். பத்து வேலை நாள் கழித்துச் செய்தாள். அதே பதில். மூன்றாவது தடவை, "நீங்க அறங்காவலரா? இல்லைன்னா உங்ககிட்ட விவரம் சொல்ல முடியாது," என்றார்கள். அறங்காவலர்களோ கூடிப் பேசி, கடன் தீர்ந்ததைக் கொண்டாடப் பத்திரத்தை எரிக்கும் விழா நல்லபடியாக முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள்.

ஞாயிறு மதியம் சபையின் வாசலில் நின்று விருந்தினர்களுக்குச் சட்டையில் பூக் குத்தும் வேலை ஆர்னெட்டாவுக்கு. வங்கியின் துணைத் தலைவர் கார்சன் வீலர் பெரிய கேக் பெட்டியோடு வந்து இறங்கினார். அவள் மகன் வயதுதான் இருக்கும். ஹோசியாவை 'டீக்கன்' என்று சபைப் பட்டம் சொல்லியும் அவளை வெறும் 'ஆர்னெட்டா' என்றும் கூப்பிடுவார். இரண்டையும் அன்பாகத்தான் செய்வார்.

"பிரமாதமான நாள், ஆர்னெட்டா."

"ஆமாங்க, மிஸ்டர் வீலர். அந்த ரத்துப் பத்திரம் இன்னும் பதிவாகலையாமே?"

"அதுவா? பிராசஸ்ல இருக்கு. தலைமை ஆபீஸ்ல பாத்துக்குறாங்க. நீங்க இன்னைக்கு அதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க."

அவள் பூவைக் குத்தினாள். ஊசி சட்டையோடு நின்றது. அதற்கு மேல் போகவிடாமல் தன்னைப் பிடித்துக்கொண்டாள்.

விழா சிறப்பாக நடந்தது. ஐந்து வெள்ளைக் கோட்டுகளும் மேடையில் வரிசையாக உட்கார்ந்தன. எரிப்பதற்கு உண்மையான பத்திரம் கிடையாது. அது வங்கியிடம் இருந்தது. அதனால் பாஸ்டர் ஸ்டோக்ஸ் நகல் ஒன்றைத் தடித்த மஞ்சள் தாளில் அச்சடிக்கச் சொல்லியிருந்தார். கடைக்காரர் சபை விசுவாசி. ஆர்வத்தில் அதைப் பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்து கொடுத்துவிட்டார். பாஸ்டர் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். அடமானம் எரியவில்லை. சுருண்டது, உருகியது, வெள்ளித் தட்டில் சொட்டியது. அதிலிருந்து எழுந்த கரும்புகை முன் வரிசையை இருமவைத்தது. பாடகர் குழு சமயம் பார்த்துப் பாட்டை உரக்க எடுத்தது.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். இந்தப் பாரத்தைத் தோளில் சுமந்த ஐந்து ஆண்மக்களுக்கு நன்றி சொன்னார். அவர்களைப் பெற்ற தாய்மார்களுக்கு நன்றி சொன்னார். பிறகு வீலர் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷம் எங்களிடம் காட்டிய பொறுமைக்காக வங்கிக்கு எங்கள் நன்றி," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆர்னெட்டா தட்டவில்லை. பின்படி வழியாக அடுக்களைக்கு இறங்கினாள்.

அங்கே பெரிய வாணலியிலிருந்து மீனை அரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள் க்ளோதில்ட் ட்ரூலவ். இருபத்தொரு வருஷமாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து அடுப்பு.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? பிரஷர் மாத்திரை போடலையா?"

"பாஸ்டர் பேங்க்குக்கு நன்றி சொன்னாரு."

"சொல்லட்டும். வழக்கம்தானே."

"பொறுமைக்கு."

ட்ரூலவ் கரண்டியைத் தாழ்த்தினாள். "யாரோட பொறுமைக்கு?"

"பேங்க்கோட பொறுமைக்கு."

அடுக்களையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ட்ரூலவ் அடுப்பைத் தணித்தாள். "அவங்க காட்டினது பொறுமைன்னா, நாம காட்டினது என்ன, சோம்பேறித்தனமா?"

"பிள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் பின்வாசல் வழியா தட்டைக் குடுத்தனுப்புங்க," என்றாள் ஆர்னெட்டா. "அப்புறம் கூடத்துக்குப் பரிமாறுற அந்த ஜன்னலை இழுத்துச் சாத்துங்க."

சாப்பாட்டுக் கூடத்தில் மேசை விரிப்பெல்லாம் விரித்தாயிற்று. மேல் மேசையில் பாஸ்டர், அறங்காவலர்கள், நடுவில் வீலர். பொரித்த மீனும், வெங்காயம் போட்ட கீரையும், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பீச் இனிப்பும் கூடம் முழுக்க மணத்தன. ஜன்னல் திறக்கவில்லை. ஜெபம் ஒருமுறை சொன்னார்கள். சற்றுப் பொறுத்துப் பாஸ்டர் இன்னொரு ஜெபம் சொன்னார், கொஞ்சம் நீளமாக.

கடைசியில் அவரே எழுந்து வந்து ஜன்னலைத் தட்டினார். மேல்பாதி மட்டும் திறந்தது. ஏப்ரனோடு ஆர்னெட்டா நின்றாள்.

"சிஸ்டர் மிம்ஸ், எல்லாரும் உக்காந்தாச்சு."

"பாத்தேன் பாஸ்டர். சாப்பாடு பிராசஸ்ல இருக்கு."

"மீன் மணக்குதே."

"மணக்கும். பொரிச்சு முடிச்சு ரொம்ப நேரமாச்சு. தட்டுல வைக்கிறதுதான் பாக்கி. ஏழு முதல் பத்து வேலை நாளாகும்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மேசைக்கு மேசை பரவி, மேல் மேசைக்கு வந்ததும் நின்றது. ஹோசியா எழுந்து வந்து ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் குனிந்தார்.

"ஆர்னெட்டா, திற. எல்லாரும் பாக்குறாங்க."

வீட்டில் அவரை 'நீ' என்பவள், சபையில் ஒருநாளும் மரியாதை தவறியதில்லை. "டீக்கன் மிம்ஸ், நீங்க போய் உக்காருங்க. கேட்டவங்களுக்கு வரிசைப்படிதான் குடுப்போம். அதோட நீங்க உதவிக் குழுவா? இல்லைன்னா உங்ககிட்ட விவரம் சொல்ல முடியாது."

இப்போது கூடம் அடக்கமாட்டாமல் சிரித்தது. வீலரும் சிரித்துக்கொண்டே வந்தார். இது விளையாட்டு என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். அருகில் வந்து அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஆர்னெட்டா, உங்க வருத்தம் புரியுது. இப்பவே தலைமை ஆபீஸுக்குப் போன் போடுறேன். எல்லாரும் கேக்கட்டும்."

நல்லெண்ணத்தைக் காட்ட ஸ்பீக்கரைப் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல். கடன் வேண்டுமானால் ஒன்றை அழுத்தச் சொன்னது. தவணை கட்ட இரண்டு. இந்த இரண்டு சேவையும் வாரம் முழுதும் நாள் முழுதும் உண்டு என்றது. மற்ற விஷயங்களுக்கு அடுத்த வேலை நாளில் கூப்பிடவும் என்றது. பிறகு பியானோ வாசித்தது. இருநூறு பேர் பசியோடு அந்தப் பியானோவைக் கேட்டார்கள்.

வீலர் போனை அணைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் ஆர்னெட்டா. "அந்த ரத்துப் பத்திரத்துல யாரு கையெழுத்துப் போடணும்?"

"பேங்க் அதிகாரி யாராவது போடணும். சாட்சியும் நோட்டரியும் வேணும்."

"நீங்க பேங்க்ல என்ன வேலை பாக்கறீங்க?"

"துணைத் தலைவர்."

"அது அதிகாரியா?"

வீலர் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். "விதிப்படி பாத்தா… அதிகாரிதான்."

"அப்ப நீங்களே போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்."

"எட்டு மாசமா."

அவர் மேல் மேசையைத் திரும்பிப் பார்த்தார், அங்கிருந்து ஏதாவது உதவி வருமென்று. "எங்கிட்ட யாரும் எழுதிக் கேக்கலையே," என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஐந்து அறங்காவலர்களும் காலித் தட்டுகளை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹோசியா தன் தட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"நாளைக்குக் காலையில கோர்ட்டு ஆபீஸ் திறக்கும்போது வர்றேன்," என்றார் வீலர். "நானே போடுறேன்."

"ரொம்ப நல்லது," என்று ஆர்னெட்டா ஜன்னலின் கீழ்ப்பாதியையும் திறந்தாள். முதல் தட்டை அவருக்கே வைத்தாள். மீன் இரண்டு துண்டு கூடவே வைத்தாள்.

சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். கையெழுத்து, சாட்சி, நோட்டரி முத்திரை, பதிவு எல்லாம் சேர்ந்து, வரும் வழியில் அவர் வாங்கிவந்த காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. போகும்போது, "வர்றேன், மிஸஸ் மிம்ஸ்," என்றார். கவுண்ட்டர் பெண் பதிவு நகலில் முத்திரை குத்திக் கொடுத்தாள். ஆர்னெட்டா அதை மானிய மனுவோடு சேர்த்து அங்கிருந்தே தபாலில் போட்டாள். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு வெற்றிக் கதையாகவே ஊரில் சொல்லியிருப்பார்கள்.

புதன்கிழமை மாலை சபையின் காரியக் கூட்டம். சட்டப்படி வங்கி தரவேண்டிய தண்டத்தை எழுதிக் கேட்கலாம், அதில் காப்பகத்துக்குத் தொட்டில் வாங்கலாம் என்று ஆர்னெட்டா கோரிக்கை வைத்தாள். பாஸ்டர் அறங்காவலர்களைப் பார்த்தார். அவர்களில் மூத்தவரான டீக்கன் பிலிமோன் கார்ட்ரெல் எழுந்தார்.

"மிஸ்டர் வீலர் பெரிய மனுஷன். இவ்வளவு நடந்தும் கோவிச்சுக்காம கோர்ட்டுக்கு நேர்ல வந்தாரு. அவருகிட்டப் போய்த் தண்டம் கேக்கறது பண்பாடு இல்ல. மன்னிக்கிறதுதான் நம்ம வேதம். தண்டம் வேண்டாம்னு தீர்மானம் போடலாம். கூடவே, அன்னைக்குச் சாப்பாடு தாமதமானதுக்கு வருத்தம் தெரிவிச்சு நாலு வரி எழுதிடலாம்."

"பனியில நாம ஒரு நாள் தாமதமானப்ப அவங்க மன்னிச்சாங்களா, டீக்கன் கார்ட்ரெல்?" என்று பின்னாலிருந்து ட்ரூலவ் கேட்டாள்.

"அது பேங்க் விதி, சிஸ்டர்."

"இது நாட்டோட சட்டம்."

"விவாதம் போதும்," என்றார் பாஸ்டர். "அறங்காவலர்கள் கை தூக்கலாம்."

நான்கு கைகள் எழுந்தன. சற்றுப் பொறுத்து ஐந்தாவது கை காது உயரத்துக்கு வந்து நின்றது. காது அரிக்கிறதோ என்றுகூட நினைக்கலாம். ஹோசியாவின் கைதான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகப் பாஸ்டர் அறிவித்தார்.

அப்போது ஆர்னெட்டா எழுந்து நின்றாள். ட்ரூலவ் எழுந்தாள். பிறகு உதவிக் குழு முழுவதும், வரிசை வரிசையாக. ஷிப்ட் முடிந்து ஆலைச் சீருடையோடு வந்திருந்த டமேகா, தூங்கும் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சிஸ்டர்ஸ், ஓட்டு முடிஞ்சிருச்சு," என்றார் பாஸ்டர். "உங்களுக்கு ஓட்டு இல்லைன்னு தெரியும்ல?"

"தெரியும் பாஸ்டர். நாங்க ஓட்டுப் போடல. நிக்கிறோம்."

"எதுக்கு?"

டீக்கன் கார்ட்ரெல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். யார் உட்காரலாம், யார் பேசலாம், யார் கை தூக்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. யார் நிற்கக் கூடாது என்று நிறுவியவர்கள் எழுத மறந்திருந்தார்கள். பாஸ்டர் அடுத்த பொருளை எடுத்தார், கூரை ஒழுக்கு. அதைப் பற்றி ஐந்து பேரும் பேசினார்கள். பெண்கள் நின்றார்கள். வாகன நிறுத்தம் பற்றிப் பேசினார்கள். பெண்கள் நின்றார்கள். முடிவு ஜெபத்துக்குத் தலை குனிந்தபோது, தங்களைச் சுற்றிலும் ஒரு சுவர் எழும்பிவிட்டதுபோல் அந்த ஐவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஆமென் சொன்ன பிறகும் பாஸ்டர் மேடையை விட்டு இறங்கத் தயங்கினார்.

ஹோசியா மெத்தை நாற்காலியிலிருந்து எழுந்து நடைபாதை வழியாக வந்தார். மனைவியின் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உனக்கு முட்டி வலி இருக்கே. கொஞ்சம் உக்காரேன்."

ஆர்னெட்டா அவரைத் திரும்பிப் பார்த்தாள். சபையில் முதல் தடவையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அந்த அடுப்பு முன்னாடி இருபத்தொரு வருஷம் நின்னேன், ஹோசியா. அப்ப ஒருத்தரும் உக்காரச் சொல்லலையே."